இடப்பக்கத்துப் பூ

ஒட்டியாச்சு. ரெண்டு பூவையும் ஒட்டியாச்சு. இனி பூ விழுகற வரைக்கும் நான் உள்ள போகக் கூடாது, அதுதான் இந்தக் கோயில் முறை, பூ வெச்ச கையோட நடையைத் தாண்டி வெளிய வந்து நின்னுக்கணும், அதுக்கப்புறம் பூசாரியும் மத்தவங்களாட்ட வேடிக்கை பாக்கற ஆளுதான். அபிஷேகத் தண்ணி இன்னும் அம்மன் மேல வழியுது, கருங்கல்லு மினுமினுக்குது, ரெண்டு தோள்லயும் ரெண்டு செவ்வரளி. வலப்பக்கத்துப் பூ முதல்ல விழுந்தா செல்லாண்டியம்மா சரின்னு சொல்லிட்டா, இடப்பக்கத்துப் பூ முதல்ல விழுந்தா வேண்டாம்னு சொல்லிட்டா. அவ்வளவுதான் சங்கதி. பீச்சாங்கைப் பக்கம்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க, அம்மனுக்கு ஏதுடா பீச்சாங்கைன்னு நான் சத்தம் போடுவேன். வர்றவங்க என்ன நெனச்சுட்டு வந்திருக்காங்கன்னு நான் கேக்கறதில்லை, கேக்கவும் கூடாது, அவங்க மனசுக்குள்ள வெச்சுக்குவாங்க, நான் பூவை மட்டும் வைப்பேன். காடு விக்கறதா வேண்டாமா, அந்த எடத்துல பொண்ணு எடுக்கலாமா கூடாதா, கெணறு வெட்டுனா தண்ணி வருமா, எல்லாம் அவங்கவங்க வெசனம், எனக்கு அதுல ஒரு ஒட்டும் கெடையாது. இன்னைக்கு மட்டும் தெரியும். எனக்குப் பின்னால அம்மனைப் பாத்துக் கைகூப்பிக்கிட்டு நிக்கறது எம்பொண்ணு கோகிலா. அவ கேக்கறது இதுதான்: எம்பட கிட்னியில ஒண்ண அவருக்குக் குடுக்கட்டுமா தாயி. அவருன்னா எம்மாப்பிள்ளை, ஈஸ்வரமூர்த்தி, அதோ வெளிய வன்னி மரத்தடிக் கல்லுல உக்காந்துட்டு இருக்கறாரு, சித்த நேரம் சேந்தாப்ல நிக்க முடியாது அவருனால.

ரெண்டும் போச்சு அவருக்கு. வாரத்துல பாதி நாள் கோயமுத்தூர்ல மிசினோட சேத்துப் படுக்க வெச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அனுப்பறாங்க, ஊசி குத்திக் குத்தி அந்தக் கை வீங்கிக் கெடக்குது, முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சுக்கறாரு. கோகிலாளோடது அவருக்கு ஒத்துப் போகுதாமா. டாக்டருங்க சொல்லிட்டாங்க. இவ அன்னைக்கே சரின்னுட்டா, அவருதான் மாட்டேன்னுட்டாரு. உன்னைக் கிழிச்சு நான் பொழைக்கோணுமான்னு கேட்டாராமா. இவ அழுது பாத்தா, சோறு திங்காம கெடந்து பாத்தா, பேசாம இருந்து பாத்தா. கடைசீல ரெண்டு பேருமாச் சேந்து ஒரு பேச்சுக்கு வந்தாங்க, அம்மன் என்ன சொல்றாளோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படறதுன்னு. வலப்பக்கம் விழுந்தா அவரு வாங்கிக்கோணும், இடப்பக்கம் விழுந்தா இவ வாயவே தொறக்கக் கூடாது. அதை ரெண்டு பேரும் எங்கிட்ட வந்து சொல்லறாங்க, ஏதோ ரேசன் கடைக்குப் போயிட்டு வர்றேங்கற மாதிரி. நான் சரி கண்ணு, நாளைக்குக் காலைல அபிஷேகம் முடிஞ்சொடனே வெச்சுப் பாத்துரலாம்னேன். வேற என்ன சொல்றது. பூசாரி வேலை பாக்கறவன் பூவு வெக்க மாட்டேன்னு சொல்ல முடியுமா.

இப்பப் பிரச்சினை பூ இல்லை. என் கட்டைவிரல். அம்மனுக்கு எதுத்தாப்ல நின்னு ரெண்டு கையிலயும் ஒவ்வொரு பூவாப் புடிச்சு, அபிஷேகத் தண்ணியில நனைச்சு, ரெண்டு கட்டைவிரலாலயும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி அழுத்தோணும். எங்கய்யன் எனக்கு வாழைமட்டையில அழுத்த வெச்சுப் பழக்குனாரு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பள்ளம் விழுகற வரைக்கும் சோத்துக்கு விடமாட்டாரு. நல்லா அழுத்துன பூ ஈரம் காஞ்சும் வெகுநேரம் நிக்கும், லேசா வெச்ச பூ சீக்கிரமா வந்துரும். அம்மனோட இடப்பக்கம் எனக்கு வலக்கைப் பக்கம். என் வலக்கைதான் பலமான கை. அந்தக் கை இன்னைக்கு லேசா அழுத்துச்சு. அழுத்துச்சா? தொட்டுச்சு. பூவைத் தொட்டுட்டு வந்துருச்சு. இடக்கை மட்டும் வழக்கம் போல ஒரு அழுத்து அழுத்துச்சு. அப்ப எது முதல்ல விழுகும்? இடப்பக்கம்தான். வேண்டாம்தான். நான் வேணும்னு செய்யலை. வேணும்னு செய்யலைன்னு எப்படிச் சொல்றது, பலம் இல்லாத கை தவறியிருந்தாத் தவறிப் போச்சுன்னு சொல்லலாம், பலமான கைதான தவறியிருக்குது. ஆனா சத்தியமா, உள்ள போறப்ப நெனப்பு ஒண்ணும் இல்லை. வெளிய வந்து ரெண்டு எட்டு வெச்சப்புறம்தான் தெரிஞ்சுது. விரலு முதல்ல செஞ்சுட்டு அப்புறமா எனக்குச் சொல்லியனுப்புது. அப்ப நான்ங்கறது யாரு. விரலா, சேதி வந்ததும் திடுக்குன்னு ஆச்சே அதுவா. இத்தனை வருசம் இந்த உடம்போட குடித்தனம் பண்ணியிருக்கேன், உள்ள எவனோ ஒருத்தன் என்னைக் கேக்காம முடிவு பண்ணிட்டு இருக்கறான்னு இன்னைக்குத்தான் பாக்கறேன். மயிர்க்கால் எல்லாம் நின்னுக்குது.

மேல சுத்தற காத்தாடியை நிறுத்துனமா. நிறுத்தியாச்சு. காத்தில்லை. பூ ரெண்டும் அப்படியே இருக்குது. கற்பூரம் எரிஞ்ச வாசமும் நல்லெண்ணெய் வாசமும் ஈரக்கல்லு வாசமும் சேந்து ஒரு வாசம் வரும், அது எனக்கு ராசாமணி வாசம். எம்பொண்டாட்டி. அபிஷேகத்துக்குத் தண்ணி சேந்திக் குடுத்து, துணியைப் புழிஞ்சு காயப்போட்டு, என்னை எகத்தாளம் பேசிட்டுத் திரிவா. கர்ப்பப்பையை எடுத்துரலாம்னு டாக்டரம்மா சொன்னப்ப அவளுக்கும் நான் இங்கதான் பூ வெச்சேன். ரெண்டு கட்டைவிரலும் ஒரே அழுத்து, இந்தக் கல்லு மேல சத்தியமா ஒரே அழுத்து. வலப்பக்கம் விழுந்துச்சு. என்னுங்க, உங்க அம்மன் எனக்கு டிக்கெட் கிழிச்சுட்டாளாட்ட இருக்குதுன்னு சிரிச்சா. பஸ்ல போனா, சன்னலோரம் வேணும்னு எடம் புடிச்சு உக்காந்துட்டுப் போனா, ஆஸ்பத்திரிக்குள்ள நடந்தே போனா. திரும்பி நடந்து வரலை. ஒருத்தர் மேலயும் குத்தம் இல்லைன்னாங்க, ரத்தம் உறைஞ்சு எங்கயோ போய் அடைச்சுக்குச்சாம், ஆயிரத்துல ஒருத்தருக்கு அப்படி ஆகுமாம். அந்த ஒருத்தி அவதானா. அம்மன்கிட்ட நான் கேக்காத கேள்வி இல்லை. சரின்னு சொன்னியே தாயி, எதுக்குச் சரின்னே. அவ ஒண்ணுஞ்சொல்லலை, அதே மொகம், அதே மஞ்சள். அடுத்த நாளே எவனோ ஒருத்தன் சைக்கிள்ல வந்து எறங்கி, பூசாரியண்ணா பூ வெக்கோணும்னான். குளிச்சுட்டு வந்து வெச்சேன். அவனுக்கு எது விழுந்துச்சுன்னு இப்ப நெனப்புல இல்லை.

எறும்பு. ஒரு எறும்பு அம்மன் இடக்கை வழியா மேல ஏறுது. ஒத்தை எறும்பு. கட்டெறும்பில்லை, சின்னது, செவ்வெறும்பு. சக்கரைப் பொங்கல் வாசத்துக்கு வந்திருக்கும். முழங்கையில நிக்குது, ஈரம் பாத்து ஒதுங்குது, மறுபடி ஏறுது. அது போயி அந்தப் பூவைத் தொட்டுச்சுன்னா விழுந்துரும், லேசா நிக்கற பூ. அப்ப விழுகறது எறும்பாலயா என் விரலாலயா அம்மனாலயா. அந்த எறும்பை அனுப்புனது யாரு. பொங்கல் வெச்ச பொம்பளையா, அவளை வேண்டிக்க வெச்ச காய்ச்சலா, அந்தக் காய்ச்சலைக் குடுத்த மழையா. இழுத்துட்டே போனா எங்க போயி நிக்கும் இது. ஒரு பூ ஒரு கல்லுல இருந்து கீழ வர்றதுக்கு எத்தனை ஆளு, எத்தனை மழை, எத்தனை எறும்பு சேந்து வேலை பாக்குது. நான் என்னடான்னா ரெண்டு கட்டைவிரலை வெச்சுட்டு நான்தான் நான்தான்னு பயந்து சாகறேன். யோசிச்சா மலைப்பா இருக்குது. அம்மன் மொகத்தைப் பாக்கறேன், அவ என்னையும் எறும்பையும் ஒரே மாதிரிதான் பாக்கறா. எறும்பு தோளுக்குப் போச்சு. பூங்காம்புகிட்டப் போச்சு. மீசையை ஆட்டுச்சு. திரும்பிக் கழுத்துப் பக்கம் போயிருச்சு. நான் மூச்சு விட்டேன். எதுக்கு விட்டேன். விழோணும்னு இருந்தனா, விழக் கூடாதுன்னு இருந்தனா. ரெண்டுமில்லாம அது என்ன மூச்சு.

எல்லாம் எழுதி வெச்சிருக்குதுன்னு வெச்சுக்கலாம். மாப்பிள்ளை போயிருவாருன்னு இருந்தாப் போயிருவாரு, அப்ப என் விரலு லேசா அழுத்துனதும் எழுதுனபடிதான், எம்மேல ஒண்ணும் இல்லை, நான் ராத்திரி நல்லாத் தூங்கலாம். இப்படி நெனைக்கறப்ப நெஞ்சு லேசாவுது. லேசானதுமே சந்தேகமா இருக்குது. இதையேதான ஊரே இங்க வந்து வாங்கிட்டுப் போகுது. காட்டை வித்துட்டு அப்புறம் அழறவன் நான் விக்கலைங்க, அம்மன் சொன்னாங்கறான். பொண்ணைக் குடுத்துட்டு அது கண்ணீரும் கம்பலையுமா வந்து நிக்கறப்ப, நாங்க என்ன பண்றது கண்ணு, பூ குடுத்துட்டாளேங்கறாங்க. தன்னால தூக்க முடியாததை எல்லாம் கொண்டாந்து இந்தக் கல்லுத் தோள்ல வெச்சுட்டுப் போறாங்க. அவளும் வாங்கி வெச்சுக்கறா, ஒரு நாளும் போதும்னு சொன்னதில்லை. அந்தப் பொறுமையை நெனச்சா எனக்குக் கையெடுத்துக் கும்புடத்தான் தோணுது. இன்னைக்கு நான் பண்ணுனது வேற. நான் முடிவு பண்ணிட்டு அவ தோள்ல வெச்சிருக்கேன். ஊர்ல ஒருத்தரும் இதைப் பண்ணலை. அவங்க அவளைக் கேட்டுட்டு வெச்சாங்க, தாங்களே முடிவு பண்ணி வெச்சுட்டுக் கேக்கலை.

போயி மறுபடி அழுத்தலாம். ரெண்டே எட்டு. பூ சரியா ஒட்டலை கண்ணு, ஈரம் பத்தலைன்னு சொல்லிட்டு உள்ள போலாம். முறை தடுக்குதா. முறையாவது மண்ணாவது, முறையை நான் அப்பவே மீறியாச்சு. பயம் தடுக்குதா. ஆசை தடுக்குதா. ஆசைதான். எம்பொண்ணு அந்த மேசைல படுக்கக் கூடாது. பச்சைத் துணி போட்டவங்க சுத்தி நிக்கக் கூடாது. சன்னலோரம் எடம் புடிச்சு உக்காந்துட்டுப் போகக் கூடாது. இதுல என்ன தப்பு, பெத்தவன் இதை நெனைக்காம வேற எதை நெனைப்பான். ஆனா அங்க மரத்தடியில ஒரு மனுசன் உக்காந்திருக்கறாரு. தறி ரிப்பேர் பண்றவரு, கிரீஸ் கையோட என் வண்டிச் செயினை மாட்டிக் குடுத்தவரு, ராசாமணி கருமாதி அன்னைக்கு நான் ஒரு மூலைல கெடந்தப்ப ஒண்ணும் பேசாம பக்கத்துல வந்து உக்காந்துட்டு இருந்தவரு. இடப்பக்கம் விழுந்தா அவரு சரிங்க மாமான்னு எழுந்திரிச்சுப் போவாரு. போயி மிசின்ல படுப்பாரு. எத்தனை நாளைக்கு. வேற கிட்னி வர்றதுக்கு வரிசைல எத்தனையோ பேரு இருக்கறாங்களாம். அப்புறம் ஒரு நாளு கோகிலா வெறும் நெத்தியோட இந்த நடையில வந்து நிப்பா. அன்னைக்கும் நான்தான் அவளுக்குத் துன்னூறு குடுக்கோணும். இந்தக் கையாலதான் குடுக்கோணும். அவளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாது, எனக்கும் அந்தக் கல்லுக்கும் மட்டும்தான் தெரியும்.

தெரியாதா. அவளுக்கா தெரியாது. சின்னப் புள்ளைல பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்த நடையில உக்காந்துட்டு, நான் பூ வெச்சுட்டு வெளிய வந்தொடனே, வலதுங்கப்பா, இடதுங்கப்பான்னு எங்காதுல சொல்லுவா. சொன்னபடி விழுகும். எப்படி அம்மிணின்னு கேட்டா, பூ நிக்கற சாய்வு தெரியுதுங்கப்பாங்கறா. இது சாமி காரியம், வாயை மூடுன்னு ஒரு தடவை அதட்டுனேன், அதோட நிறுத்திட்டா. சொல்றதைத்தான் நிறுத்துனா, பாக்கறதையா நிறுத்தியிருப்பா. இப்பத் திரும்பி அவளைப் பாக்கறேன். பூ வெச்சா நான் பூவைத்தான் பாப்பேன், கேக்க வந்தவங்க மொகத்தை ஒரு நாளும் பாத்ததில்லை. அவ பூவைப் பாக்கலை. அம்மன் மொகத்தைத்தான் பாக்கறா. அந்த மொகத்துல கேள்வியே இல்லை. கேக்க வந்தவ மாதிரியே இல்லை, சொல்லிட்டுப் போக வந்தவ மாதிரி நிக்கறா. அவ எப்பவோ முடிவு பண்ணிட்டா. ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாலயே பண்ணியிருப்பா. அவளுக்குப் பயமில்லையா, இருக்குது, விரலெல்லாம் வெளுத்துப் போயிருக்குது, பயத்தோடயே நிக்கறா. இது எங்கிருந்து வந்துச்சு இவளுக்கு. நான் குடுக்கலை. ராசாமணியா, தலையெழுத்தா, அம்மனா, இல்லை ஒருத்தரும் குடுக்காம இவளே உண்டாக்கிக்கிட்டாளா. நான் தூக்கி வளத்த புள்ளை. எனக்குக் கண்ணு கூசுது இவளைப் பாக்க. கர்ப்பகிரகத்துக்குள்ள பாக்க வேண்டியதை இத்தனை வருசமும் வெளிய முதுகுக்குப் பின்னால விட்டுட்டு நின்னிருக்கேன்.

பூ விழுந்துச்சு. சத்தமே இல்லை. நான் பாக்கலை, அவ கண்ணு கீழ போனதுலதான் தெரிஞ்சுது. இடப்பக்கம். அம்மன் காலடில ஈரத்துல கெடக்குது. பொக்குனு போச்சு எனக்கு. வேணும்னு நெனச்சது கெடைச்சா இப்படியா இருக்கும். உள்ள போயி எடுத்தேன், முறைப்படி விழுந்த பூவைக் கேட்டவங்க கையில குடுக்கோணும். குடுத்தேன். அவ உள்ளங்கையில வெச்சு அதைப் பாத்தா. அப்புறம் என் விரலைப் பாத்தா. கோபமா இருந்தாக்கூடத் தேவலை.

"இது உங்க பூவுங்கப்பா" அப்படின்னா. "அம்மனோடது இன்னும் மேலயேதான் இருக்குது."

நான் கட்டைவிரலை வேட்டியில துடைச்சேன்.

"அம்மாவை நெனச்சுட்டுத்தான வெச்சீங்க" அப்படின்னா. பூவை எங்கையிலயே வெச்சு என் விரலை எல்லாம் ஒண்ணொண்ணா மடக்கி விட்டா. "நான் போயிச் சொன்னா அவரு நம்ப மாட்டாருங்கப்பா. நீங்க சொன்னாத்தான் நம்புவாரு. எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லிருங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் பின்னால பேச மாட்டேன்."

நடையில இருந்து வன்னி மரத்துக்கு எத்தனை தூரம் இருக்கும், கல்லெறியற தூரம்கூட இல்லை. கல்லு சுடுது, காலு சுடுது. வலப்பக்கம்னு சொன்னாப் பொய். இடப்பக்கம்னு சொன்னா, கண்ணால பாத்தபடி உண்மை, ஆனா அதுதான் பெரிய பொய். கையில பூவு நசுங்குது. இந்தக் கோயில்ல நான் எத்தனையோ பேருக்கு வாக்குச் சொல்லியிருக்கேன், ஒண்ணு கூட எம்பட வாக்கில்லை, பூ சொன்னதை வாய் சொல்லும், அவ்வளவுதான். இப்ப பூவும் இல்லை, அம்மனும் வாய் தொறக்கலை, எறும்பும் இல்லை. எனக்கும் அந்த மரத்துக்கும் நடுவால ஒண்ணுமே இல்லை. எந்தப் பக்கம் வேணும்னாலும் போலாம். இத்தனை பெரிய எடம் எனக்குள்ள இருந்துச்சா. குடமுழுக்கு அன்னைக்குக் கோபுரத்து மேல ஏறி நின்னப்ப வந்த மாதிரி தலை சுத்துது. மாப்பிள்ளை என்னைப் பாத்துட்டு மரத்தைப் புடிச்சு மெல்ல எழுந்திரிக்கறாரு. உக்காருங்க உக்காருங்கன்னு கையைக் காட்டறேன், கேக்க மாட்டேங்கறாரு.

"எந்தப் பக்கமுங்க மாமா?"

"இடப்பக்கம் விழுந்துச்சுங்க மாப்பிள்ளை."

அவரு மொகம் தெளிஞ்சுருச்சு. நெசமாவே தெளிஞ்சுருச்சு. "நல்லதுங்க மாமா. நான் இங்க உக்காந்துட்டு அதைத்தான் வேண்டிக்கிட்டு இருந்தேன்" அப்படின்னாரு. ஆக இவரும் அவர் பங்குக்கு அழுத்திட்டுத்தான் இருந்திருக்கறாரு. இதோட நிறுத்திக்கலாம். நான் பொய் சொல்லலை, அவரு கேட்டது கெடைச்சுது, எம்பொண்ணு பொழைச்சா, அம்மன் மேல பழி போகாது. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கப் போறதில்லை. பின்னால கோகிலா வந்து நின்னுட்டா, கொலுசுச் சத்தம் கேட்டுச்சு, சொன்னபடி அவ பேசலை.

"மாப்பிள்ளை, அந்தப் பூவை நான்தான் லேசா வெச்சேன்" அப்படிங்குது என் வாய். "எம்பொண்ணை அனுப்ப மனசு வரலை. அம்மன் ஒண்ணுஞ்சொல்லலை. அவ சொல்றது இருக்கட்டும், இப்ப நான் சொல்றேன். கோகிலா குடுக்கட்டும். நீங்க வாங்கிக்கோங்க."

அவரு என்னையே பாத்துட்டு நின்னாரு. வீங்கின கையைச் சட்டைக்குள்ள இழுத்து விட்டுக்கிட்டாரு. "உங்களுக்குப் பயமா இல்லீங்களா மாமா?" அப்படின்னு கேட்டாரு.

"பயமாத்தான் இருக்குது. வாங்க, கோயமுத்தூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஒரு பக்கம் நான் புடிச்சுக்கிட்டேன், இன்னொரு பக்கம் கோகிலா புடிச்சுக்கிட்டா. உள்ள வலப்பக்கத்துப் பூ நிக்குதா விழுந்துச்சான்னு நான் திரும்பிப் பாக்கலை.